பெட்டியில் வள்ளுவர் சிலை போட்டால் போதுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே ஒரு பொருள் கொண்டுவரப் போகிறோம் என்று வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வந்தால், பொருளைக் காட்டுவதற்கு முன்னால் பெட்டியின் டிசைனைத்தான் காட்டுகிறார்கள். அதில் தவறாமல் திருவள்ளுவர் சிலை இருக்கும், பக்கத்தில் விவேகானந்தர் பாறை, பின்னால் ஒரு சூரியன், அது உதிக்கிறதா மறைகிறதா என்று வரைந்தவருக்கே தெரியாது. 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடிச் சிலை, பெருமைதான், விருந்தாளி வந்தால் நானும் வரிசையில் நின்று போட்டில் கூட்டிக்கொண்டு போகிறவன்தான். ஆனால் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் அந்தப் படத்துக்காக ஒரு டார்ச் லைட் வாங்கப்போவதில்லை. இதைச் சொன்னால், "ஒரு லோக்கல் டச் வேணும்ல சார்" என்கிறார்கள்.

எனக்குப் பிழைப்பே இதுதான். நாகர்கோவிலில் கோணம் பக்கம் சின்னப் பட்டறை, நாலைந்து பேர், சிறு கம்பெனிகளுக்குப் பொருள் வடிவமைத்து மாதிரி செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள வேண்டும், பண்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லா மீட்டிங்கிலும் பேசுவார்கள். பண்பாடு என்றதும் ஆட்களுக்குத் திருவிழாவும் சாப்பாடும் கோலமும் ஞாபகத்துக்கு வந்துவிடும். பொருள் செய்கிறவனுக்கு வேண்டியதோ சலிப்பூட்டுகிற சங்கதிகள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், வேலை நேரத்தில் கையில் என்ன ஒட்டியிருக்கும், எந்த மாதம் காசு இருக்காது, வாங்குவது யார், உடைந்தால் யாரிடம் கொண்டுபோவார்கள். கேள்வித்தாளை நீட்டினால் இதில் பாதிகூட வராது. பக்கத்தில் நின்று பார்த்தால் வரும்.

முதலில் காலண்டர். தமிழ்நாடு என்றாலே தீபாவளிக்கு ஆஃபர் போட்டு ஐப்பசியில் சரக்கை இறக்குவது பழக்கம். எங்கள் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், இந்துக்கள் 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-ல் முடியும், அப்படியே கிறிஸ்துமஸ் பிடித்துக்கொள்ளும். மார்த்தாண்டம் கடைவீதியில் டிசம்பரில் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்தால் தீபாவளி ஆஃபரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றும். ஓணத்துக்குத் தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன்னால் நிற்கிற கூட்டம் தனி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், மழைகூட இரண்டு பருவத்திலும் பெய்யும். சென்னையில் ஜூன் மாதம் வெயிலில் காயவைத்துச் சோதித்த பொருள், அதே ஜூனில் இங்கே பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

அடுத்தது வாங்குகிறவர். மிக்ஸி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மிக்ஸி பழங்கூழுக்கும் சூப்புக்கும் செய்தது, நம் காய்ந்த மஞ்சளையும் தேங்காயையும் அதில் போட்டால் மோட்டார் புகையும். மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதான பிறகுதான் இந்தியச் சமையலுக்குத் தாங்குகிற மோட்டார் வைத்து சுமீத் மிக்ஸியை உருவாக்கினார் என்பது தொழில் வட்டத்தில் எல்லோரும் சொல்கிற கதை. அவருக்குச் சமையலறை வீட்டிலேயே இருந்தது, பார்த்துத் தெரிந்துகொண்டார். இன்றைக்கு எங்கள் ஊரில் அது மட்டும் போதாது. மீன் குழம்புக்குத் தேங்காய் வெண்ணெய் மாதிரி அரைபட வேண்டும் என்பது அரைக்கிற அம்மாவுக்குத் தெரியும். காசு கொடுக்கிற மகன் துபாயிலோ குவைத்திலோ இருக்கிறான், கடையில் மருமகள் வீடியோ காலில் ஒவ்வொரு மாடலாகக் காட்டுகிறாள், அவன் அங்கிருந்து வாட் எத்தனை, வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று கேட்கிறான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, பெரிய ஜாரின் மூடியை ஈரக்கையால் திறக்க முடியவில்லை என்று அதைப் பரணில் வைத்துவிட்டுச் சின்ன ஜாரில் மூன்று தடவையாக அரைத்துக்கொள்கிறார். கம்பெனிக் கணக்கில் இது விற்றுப்போன, புகார் வராத மிக்ஸி. அந்த அம்மாவை யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு மக்களே" என்று சொல்லி டீ போட்டுக் கொடுப்பார்.

இந்த "நல்லாத்தான் இருக்கு" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு தேடி வந்தவனிடம், அதுவும் கஷ்டப்பட்டு ஒரு பொருளைச் செய்து கொண்டுவந்தவனிடம், இது சரியில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. படித்தவர்கள் அதிகம், பொருளைப் பற்றி அழகாகப் பேசவும் செய்வார்கள். அதனால் பிடித்திருக்கிறதா, வாங்குவீர்களா, எத்தனை மார்க் போடுவீர்கள் என்றெல்லாம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது வைத்திருப்பது கடைசியாக எப்போது மக்கர் பண்ணியது, அன்றைக்கு என்ன செய்து சமாளித்தீர்கள் என்று கேட்டால் போதும், ஆள் எழுந்துபோய் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதில் சுற்றியிருக்கிற இன்சுலேஷன் டேப், கட்டியிருக்கிற சணல், சூடு வைத்து உருக்கிய ஓட்டை, செருகியிருக்கிற தீக்குச்சி, இவையெல்லாம் அவர் ஏற்கெனவே போட்டுவைத்த டிசைன். அதை வாசிக்கத் தெரிந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது செய்துகொண்டிருக்கிற தலை லைட் கதையைச் சொன்னால் புரியும். வெளி மாவட்டக் கம்பெனி ஒன்று, பெயர் வேண்டாம், ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு ஒரு ஹெட்லைட் வேண்டும் என்று வந்தது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்து மலையோரத்தில்தான், சந்தை பெரிது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது இரண்டே வரி. வெளிச்சம் இப்போதிருப்பதைவிட இரண்டு மடங்கு வேண்டும், பேட்டரி இரண்டு மடங்கு நிற்க வேண்டும். சரி என்று வாங்கிவைத்துக்கொண்டு அருமனைப் பக்கம் தெரிந்த தோட்டம் ஒன்றில் விடியற்காலம் போய் நின்றோம்.

பால் வெட்டு ஏன் இருட்டிலேயே தொடங்குகிறது என்றால், குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் மூன்று, நாலு மணிக்கே இறங்கி வெளுப்பதற்குள் நூற்றுக்கணக்கான மரத்தை முடிக்க வேண்டும். ஒட்டுச்செடி மரத்தில் வெட்டு இடமிருந்து வலமாக 30 டிகிரி சரிவில் இறங்கும். ஒவ்வொரு முறையும் சீவி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான். உள்ளே மரத்தை ஒட்டிய கடைசி ஒரு மில்லிமீட்டர் பட்டையைத் தொடக்கூடாது, தொட்டால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் பல வருஷத்துக்கு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஆழமாகப் போகாமல் பால் வராது, அதிகமாகப் போனால் மரம் போச்சு. இந்த இடைவெளியைக் கையும் கண்ணும் சேர்ந்து அரை நிமிஷத்தில் பிடிக்கிற வேலை இது.

அங்கே வெட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், சந்தையில் கிடைக்கிற நல்ல பிரகாசமான லைட்டைத்தான் வைத்திருந்தார். ஆனால் கண்ணாடியில் பாதிக்குமேல், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரை ஒட்டியிருந்தார். லைட்டும் நெற்றியில் இல்லை, இடது காதுக்கு மேலே தள்ளியிருந்தது. எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையில் கட்டின துவர்த்தோடு (எங்கள் ஊரில் துண்டுக்கு அதுதான் பெயர்) நூல் கயிறு வைத்துக் கட்டியிருந்தார். ஏன் பிளாஸ்டர் என்று கேட்டேன்.

"வெளிச்சம் கூடுனா பட்டையில ஒண்ணும் தெரியாது மக்களே. எல்லாம் வெள்ளையா அடிக்கும். வெட்டு எம்புட்டு ஆழம்னு பாக்கணும்லா."

நேராக நெற்றியிலிருந்து விழுகிற பலமான வெளிச்சத்தில் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளத்தின் ஆழம் தெரியாது, போதாக்குறைக்கு வடிகிற பால் வெள்ளை வெளேரென்று கூசும். பக்கவாட்டில் மங்கலாக விழுந்தால் வெட்டின் விளிம்பு கறுப்புக் கோடாக நிற்கும். அண்ணாச்சி லைட்டைக் காதுக்கு மேலே தள்ளியது அதற்குத்தான். கம்பெனிக்காரர் இரண்டு மடங்காக்கச் சொன்ன அதே வெளிச்சத்தை இவர் காசு கொடுத்து வாங்கிப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது அவருக்கு நீள வெளிச்சம் வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டங்களில் காட்டுப்பன்றி நிற்கும், பாம்பு கிடக்கும். ஆக மங்கல் வேறு, பலம் வேறு, இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு மரத்துக்கும். அப்போதுதான் சுவிட்சைப் பார்த்தேன். கை முழுக்கப் பால், அது சுவிட்சின் இடுக்கில் இறங்கி உறைந்து ரப்பராகி பொத்தானே அமுங்காமல் இருந்தது. விரலால் முடியாது என்று மணிக்கட்டால் ஒரு தட்டு தட்டுவார், சில சமயம் எரியும். நாங்கள் செய்த மாதிரியில் தனியாகப் பொத்தான் கிடையாது, பக்கத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு ரப்பர் தோல், எங்கே தட்டினாலும் மாறும். பால் ஒட்டிக் காய்ந்தால் நகத்தால் நிமிண்டி உரித்துவிடலாம், அதையே உரித்துப் பந்தாக உருட்டி, மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலைச் சேர்க்கிற கூடையில் போட்டார் அண்ணாச்சி, அதுவும் காசுதானே.

கம்பெனியோடு சண்டை வந்தது வேறொரு இடத்தில். மழை இறங்கக்கூடாது என்று மேல்மூடியை உருக்கி ஒட்டிவிடலாம் என்றார்கள், செலவும் குறைவு. முடியவே முடியாது, நாலு திருகாணி வேண்டும், உள்ளே ரப்பர் வளையம் வைத்து மூடிக்கொள்ளலாம் என்று நான் நின்றேன். காரணம் மார்த்தாண்டத்திலும் குலசேகரத்திலும் இருக்கிற ரிப்பேர் கடைகள். இங்கே லைட்டு கெட்டால் எடுத்துப் போடமாட்டார்கள், கடையில் கொடுத்து உள்ளேயிருக்கிற பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். திறக்க முடியாத பொருள் என்று கடைக்காரர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் அந்தத் தெருவில் பின்பு அது விற்காது. விளம்பரத்துக்குச் செலவழிக்கிற காசில் பத்தில் ஒரு பங்கை இந்த ரிப்பேர்க் கடைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசச் செலவழித்தால் எந்தக் கம்பெனியும் உருப்படும் என்பது என் கருத்து.

விலையும் அதே கதைதான். பலருக்குக் கூலி மரக் கணக்கில். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை கட்டின தோட்டமாக இருந்தால் கொஞ்சம் ஓடும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கு ஓய்வு, கூலிக்காரருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் புதுப் பொருளை அறிமுகப்படுத்திவிட்டு, இவர்கள் மாற்றத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்று ரிப்போர்ட் எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டைக்குப் பதிலாக பிளாஸ்டிக் கப் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். சிரட்டை வீட்டில் சும்மா கிடைப்பது, உடைந்தால் அடுப்புக்கு ஆகும். அதோடு போட்டி போடுகிற பொருள், முதலில் அந்தச் சும்மாவை ஜெயிக்க வேண்டும்.

இதே லைட்டைத் தோவாளையில் பிச்சிப்பூ பறிக்கிற அக்காமாரிடம் கொடுத்துப் பார்த்தோம். அவர்கள் தலையில் மாட்டவே இல்லை, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். மொட்டு இடுப்பு உயரத்தில், கீழேயிருந்து வெளிச்சம் போதும், எதிர் வரிசையில் பறிக்கிறவர் கண்ணில் அடிக்கவும் கூடாது, பேசிக்கொண்டே பறிக்கிறவர்கள் ஆயிற்றே. இரண்டு இடத்துக்கும் நடுவே அதிக தூரம் இல்லை, பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஒரே மாவட்டம், ஒரே இருட்டு, ஆனால் வேண்டிய பொருள் வேறு.

கடற்கரைக்கு வந்தால் இந்த விஷயம் இன்னும் கனமாகிவிடும். முட்டத்தில் 1970-களின் கடைசியிலும் 80-களிலும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே என்ற பொறியாளர் பிளைவுட் படகுகள் உருவாக்கியதை எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். கட்டுமரத்துக்கு வேண்டிய லேசான மரத்தடி கிடைப்பது கஷ்டமாகி விலையும் ஏறிய காலம். அவர் நினைத்திருந்தால் ஐரோப்பாவில் ஓடுகிற நல்ல படகு ஒன்றின் வரைபடத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் கரை அப்படிப்பட்டதல்ல. ஆனி, ஆடியில் அலை செங்குத்தாக எழுந்து விழும், துறைமுகம் எல்லா ஊருக்கும் கிடையாது, மணலிலிருந்தே தள்ளி இறக்கி மணலிலேயே ஏற்ற வேண்டும். கட்டுமரம் இதற்கென்றே ஆனது, தண்ணீர் மேலே ஏறினால் தடிகளுக்கு நடுவே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது, வேலை முடிந்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடலாம். இந்தக் குணங்களில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று மீனவர்களோடு கடலில் இறங்கிப் பார்த்துப் பார்த்து மாற்றியதால்தான் பிளைவுட் வள்ளம் இங்கேயும் திருவனந்தபுரம் கரையிலும் பரவியது. பின்னால் ஃபைபர் வந்தபோது அதற்கும் அச்சு இங்கிருந்தே கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30. அதற்கு முன்பிருந்த எச்சரிக்கை ஏற்பாடுகள் எல்லாம், மீனவர் என்றால் காலையில் போய் மாலையில் வருகிறவர் என்ற நினைப்பில் அமைந்தவை. துறைமுகத்தில் கொடி ஏற்றுவது, கோயில் மைக்கில் அறிவிப்பது, கரைக்கு மெசேஜ் அனுப்புவது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதத்துக்கு மேல் தங்கி சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள், பல படகுகள் கிளம்புவதே கொச்சியிலிருந்து. புயல் உருவாவதற்கு எத்தனையோ நாள் முன்னமே போய்விட்டவர்களுக்குக் கரையில் ஏற்றிய கொடி எப்படித் தெரியும்? படகிலிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது, படகுக்குப் படகு பேசிக்கொள்ளத்தான் ஆகும். அந்த ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பதை இங்கே நான் விவரிக்கப்போவதில்லை.

அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அனுப்புகிற புயல், அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல்களைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கி, புளூடூத்தில் கைபேசிக்குக் கொடுக்கும். செல்போன் சிக்னல் இல்லாத தூரத்திலும் வேலை செய்யும், பிராந்திய மொழிகளிலும் தகவல் வரும், நல்ல விஷயம். ஆனால் ஒருவழிதான், படகிலிருந்து எதுவும் அனுப்ப முடியாது. கடலில் இருப்பவருக்குப் புயல் வருவது தெரிந்தால் மட்டும் தீருமா, தான் இன்ன இடத்தில் இருக்கிறேன், எஞ்சின் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டாமா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை, ஒக்கிக்குப் பிறகு அந்தக் கரையில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் காதில் விழுந்திருக்கும். இருவழியாகத் தகவல் அனுப்பவும் வாங்கவும் முடிகிற இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்துகிற திட்டத்தை 2024 ஆகஸ்டில்தான் தொடங்கினார்கள். தொழில்நுட்பம் கஷ்டம், காசு வேண்டும், எல்லாம் சரி. ஆனாலும் கருவி கரையில் இருக்கும் ஆபீசுக்கா, கடலில் இருக்கும் ஆளுக்கா என்ற கேள்வி முதலில் கேட்கப்பட்டதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

இதற்கு நேர்மாறாக, ஜிபிஎஸ்ஸை மீனவர்களுக்கு யாரும் கெஞ்சி விற்கவில்லை. கரையில் தெரிகிற கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர்கோட்டில் வைத்து, கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டை அடையாளம் வைப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. அந்த வேலையையே இந்தப் பெட்டி செய்கிறது, பனியிலும் இரவிலும்கூடச் செய்கிறது என்றதும் எடுத்துக்கொண்டார்கள். சொந்த இடக்குறிகளை மற்ற படகுக்காரர் பார்க்காமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி, அதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

மீன் விற்கிற அம்மாமார் வைத்திருக்கிற, போன் வழியாகக் கணக்கில் பணம் வந்ததைச் சொல்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் அப்படித்தான் ஓடுகிறது. கை ஈரம், செதில், போனை எடுத்துப் பார்க்க முடியாது, பெட்டி தமிழில் சத்தமாகச் சொல்லிவிடும். ஆனால் கணக்கு பெரும்பாலும் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கிறது, நாள் முழுக்க வெயிலில் நின்று விற்ற காசு அவர்கள் கைக்கு எப்போது வரும் என்பது தனிக் கதை. யாராவது இதற்கு ஒரு வழி செய்தால் முதல் ஆளாக நான் சந்தையில் கொண்டுபோய்க் காட்டுவேன்.

லைட் விஷயத்துக்கு வந்தால், திருகாணி நாலும் இப்போதைக்குப் பிழைத்துவிட்டன, மங்கல் வெளிச்சத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெட்டியில் "அதிக பிரகாசம்" என்று போட முடியாதே என்று மார்க்கெட்டிங் ஆட்களுக்குத்தான் வருத்தம். இதையே வள்ளக்காரர்களுக்கும் விற்கலாமே என்று போன வாரம் கேட்டார்கள். உப்புக்காற்றில் அந்தத் திருகாணியே முதலில் துருப்பிடிக்கும், வலை இழுக்கும்போது துவர்த்தில் கட்டின லைட் நிற்காது, அது வேறு வேலை, வேறு கூலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒத்துக்கொண்டால் மழை விட்ட பிறகு தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் வாசகர்கள் யாராவது இருந்தால், நீங்கள் கட்டியும் ஒட்டியும் வைத்திருக்கிற பழைய லைட்டுகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், வந்து பார்க்கிறேன்.